திறமூல உரிமத்தை வெளியிட்ட பிறகு மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் உரிமம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், அரை மணி நேரத்துக்குள் இந்தக் கேள்விகள் அத்தனையும் வந்துவிடும். பெரும்பாலும் இதே வரிசையில்தான் வரும். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். நிரல் எழுதிப் பிழைப்பவன்; ஒருமுறை உரிமம் மாற்றப் போய் நான்கு மாதம் மாட்டிக்கொண்டு முழித்தவன். பெரும் பணம் புழங்கும் விவகாரமென்றால் வழக்கறிஞரிடம் போங்கள்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. திறமூலம் என்றால் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதித்து வெளியிடுவது; அந்த அனுமதியும் அதன் நிபந்தனைகளும்தான் உரிமம். காப்பிரைட்டையும் பேடன்டையும் சேர்த்துக் 'காப்புரிமை' என்றே பலர் எழுதுகிறார்கள். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று காப்பிரைட்டைப் 'பதிப்புரிமை' என்றும், மென்பொருளின் வெர்ஷனை 'வெளியீடு' என்றும் எழுதியிருக்கிறேன்.

1. ஒருமுறை திறமூலமாக வெளியிட்டுவிட்டால் உரிமத்தை மாற்றவே முடியாது என்கிறார்களே, நிஜமா?

பாதி நிஜம். ஏற்கெனவே ஒருவர் கைக்குப் போய்விட்ட பிரதியின் உரிமத்தில் நீங்கள் கை வைக்க முடியாது. நாளை வெளியிடப்போகும் பிரதிக்கு வேறு உரிமம் போடலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த நிரல் முழுக்க உங்களுடையதாக இருக்க வேண்டும், அல்லது பழைய உரிமமே அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அடுத்து வரும் குடித்தனக்காரருக்கு எந்த நிபந்தனை வேண்டுமானாலும் போடலாம். இப்போது குடியிருப்பவருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை இரவோடு இரவாகத் திருத்த முடியாது. இங்கே இன்னொரு விசேஷம், குடியிருப்பவரின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் முடிவுத் தேதியே இருப்பதில்லை. (அது இல்லாததால் நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு விநோதம் நேர்கிறது. 12-ஆம் கேள்வியைப் பாருங்கள்.)

2. அப்படியென்றால் நான் போன வருடம் இறக்கி வைத்த மென்பொருள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 7.2.4 வெளியீட்டை இறக்கிப் பிரித்துப் பாருங்கள். 'காப்பியிங்' என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதன் தலையில் ரெடிஸைத் தொடங்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போவின் பெயர், கீழே மூன்றே நிபந்தனைகள் கொண்ட பிஎஸ்டி என்ற தாராளமான உரிமம். 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம், 7.4 வெளியீட்டிலிருந்து பிஎஸ்டி கிடையாது, நாங்கள் தரும் வேறு இரண்டு உரிமங்களில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றும் அந்தச் சின்னக் கோப்பில் ஒரு எழுத்து மாறவில்லை.

அதை நம்பித்தான் அடுத்த வாரமே லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வால்கீ என்ற மென்பொருள் பிறந்தது. 7.2.4 நிரலை எடுத்து, பெயரை மாற்றி, பிஎஸ்டி உரிமத்திலேயே வளர்க்கிறார்கள். இதைத்தான் ஃபோர்க் என்கிறோம். ரெடிஸ் என்ற பெயர் மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது. பெயர் வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் வருவது. திறமூல உரிமம் நிரலைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை.

3. களஞ்சியத்தையே (நிரலை இணையத்தில் வைத்திருக்கும் இடத்தை) அழித்துவிட்டால்? பிறகு யார் கேட்பது?

அழிக்கலாம், அது உங்கள் கணக்கு. உரிமம் கொடுத்தீர்கள் என்பதற்காகக் காலம் முழுவதும் இலவசமாகப் பிரதி விநியோகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பிரதி வைத்திருக்கும் யாரும் அதை மறுபடி ஏற்றலாம். 2016 மார்ச்சில் ஒருவர் என்பிஎம் என்ற நிரல் தொகுப்புத் தளத்திலிருந்து தன் தொகுப்புகளை எல்லாம் நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி நிரல். அது காணாமல் போனதும் அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்ப ஏற்றிவிட்டது. உரிமம் அதற்கு இடம் கொடுத்ததால் எழுதியவரின் சம்மதம் தேவைப்படவில்லை.

4. திட்டத்தைத் தொடங்கியது நான். பெயர் வைத்தது நான். நான் மாற்றினால் யார் என்ன சொல்ல முடியும்?

உங்களுக்கு ஒட்டு (நிரலில் சேர்க்க எழுதி அனுப்பும் மாற்றம்) அனுப்பிய ஒவ்வொருவரும் சொல்ல முடியும். ஒருவர் எழுதிய நிரலின் பதிப்புரிமை, அவர் எழுதிக் கொடுக்காதவரை, அவரிடமே இருக்கிறது. உங்கள் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டதால் அது உங்களுடையது ஆகிவிடாது. அவர் தந்தது, திட்டத்தில் அன்று இருந்த உரிமத்தின்படி பயன்படுத்தும் அனுமதி மட்டும். ஜிபிஎல் என்பது, மாற்றிப் பகிர்ந்தாலும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்னும் உரிமம். ஐம்பது பேர் பங்களித்த ஜிபிஎல் திட்டம் ஐம்பத்தோரு பேரின் கூட்டுச் சொத்து. தலைவர் என்ற நாற்காலி சட்டத்தில் கிடையாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை வெளியிட்டபோது போட்ட உரிமம், காசு வாங்கி விற்பதைத் தடுத்தது. 1992-இல் 0.12 வெளியீட்டோடு ஜிபிஎல்லுக்கு மாறினார். அப்போது பங்களித்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அதனால் முடிந்தது. இன்று அவரே நினைத்தாலும் கர்னலின் உரிமத்தை மாற்ற முடியாது. பல்லாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அவர்களில் சிலர் உயிரோடு இல்லை. இந்திய சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு வாரிசுகளிடம் இருக்கும்.

5. எழுத்துப்பிழை திருத்தியவரிடம்கூட அனுமதி கேட்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு காற்புள்ளி, ஒரு மாறியின் பெயர், வேறு விதமாக எழுதவே முடியாத ஒரு வரி, இவற்றுக்கெல்லாம் பதிப்புரிமை கிடைக்கும் அளவுக்குச் சொந்த ஆக்கம் கிடையாது. எல்லை எங்கே என்று சட்டம் வரி எண்ணிக்கையில் சொல்வதில்லை. ஜிபிஎல் பிறந்த குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் ஏறக்குறைய பதினைந்து வரி என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் தாராளமாகப் படுகிறது. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவேன். ஒரு மின்னஞ்சல்தானே.

இங்கேயே இன்னொன்று. பங்களித்தவர் அதை அலுவலக வேலையாக எழுதியிருந்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(இ) பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை முதலாளியுடையது. நண்பர் "சரி மச்சான், மாற்றிக்கொள்" என்று சொன்னது செல்லாது, அவருடைய நிறுவனம் சொல்ல வேண்டும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

6. சிலர் பதிலே போடவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கல்யாணப் பேச்சில் எடுத்துக்கொள்ளலாம். இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் குழு 2017-இல் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறுவதற்காக ஏறக்குறைய 400 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தியோ டி ராட் உள்ளிட்டோர் கொதித்துப்போனார்கள். புதிய உரிமத்துடன் 3.0 வெளிவந்தபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது.

ஒழுங்கான வழி, ஆளைத் தேடிப் பிடிப்பது; கிடைக்காவிட்டால் அவருடைய பகுதியை நீக்கி, அதைப் பார்க்காத ஒருவரை வைத்துப் புதிதாக எழுதுவது. விஎல்சி காணொளி இயக்கியின் குழு தன் மைய நிரலகத்தை ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்குக் கொண்டுபோக 2011, 2012-இல் நூற்றுக்கணக்கானவர்களை இப்படித் தேடியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கூட்டு வரைபடத் திட்டம் 2012-இல் ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியபோது, ஒப்புக்கொள்ளாதவர்களும் பதில் தராதவர்களும் வரைந்ததை ஒரு நிரலை ஓடவிட்டு நீக்கியது. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் சாலைகள் வரைபடத்திலிருந்து மறைந்தன. மறுபடி வரைந்தார்கள். வலித்தது, ஆனால் சுத்தமாக முடிந்தது.

என் அனுபவம் இந்த அளவுக்குப் பெரியது அல்ல. தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் ஒரு சிறு கருவி, ஜிபிஎல்லிலிருந்து எம்ஐடி என்ற தாராளமான உரிமத்துக்கு மாற்ற நினைத்தேன். பங்களித்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் ஒரு நாளில் "சரி" என்றார்கள். நான்காமவரின் கல்லூரி மின்னஞ்சல் முகவரி அவர் படிப்பு முடித்ததோடு செத்துப்போயிருந்தது. கொம்பும் காலும் இடம் மாறி வரும் 'கொ', 'கோ' வரிசையைச் சரிசெய்யும் நாற்பது வரி அவர் எழுதியது, அழகாக எழுதியிருந்தார். நான்கு மாதம் தேடிவிட்டு, அந்த நாற்பது வரியை நீக்கி, அதைப் பார்த்தேயிராத ஒரு நண்பரை எழுதச் சொன்னேன். புதியது பழையதைவிட மெதுவாக ஓடுகிறது.

7. எம்ஐடி, பிஎஸ்டி என்றால் யாரையும் கேட்க வேண்டாம் என்கிறார்களே? 4-ஆம் பதிலுக்கு இது முரணாக இல்லையா?

முரண் இல்லை. 1-ஆம் பதிலில் 'பழைய உரிமமே இடம் கொடுக்க வேண்டும்' என்றேனே, அது இதுதான். எம்ஐடியும் பிஎஸ்டியும் கேட்பது பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்காதே என்பதை மட்டும். அந்த நிரலைச் சேர்த்துக்கொண்ட முழுப் பொருளுக்கு மேலே வேறு உரிமம் போடலாம், மூடிய மென்பொருளாகவும் விற்கலாம். ரெடிஸ் யாரிடமும் கையெழுத்து வாங்காமல் மாற முடிந்தது இதனால்தான். மாறிய பிறகும் பழைய பங்களிப்புகளுக்கான பிஎஸ்டி வாசகத்தைத் தனிக் கோப்பில் வைத்தே தீர வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டியது: அந்தப் பழைய வரிகளின் உரிமம் இப்போதும் பிஎஸ்டிதான். மாறியது அவற்றைச் சுற்றிப் போட்ட உறை. எம்ஐடி திட்டத்தில் பங்களித்துவிட்டுப் பின்னால் "என் உழைப்பை மூடிவிட்டார்களே" என்று வருந்துபவர்களைப் பார்க்கிறேன். வருத்தம் நியாயம், ஆனால் உரிமத்தில் அது முதல் நாளே எழுதியிருந்தது.

8. பங்களிக்கும் முன் சிஎல்ஏவில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

படித்துவிட்டுப் போடுங்கள். சிஎல்ஏ என்பது பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம். பல சிஎல்ஏக்களில், உங்கள் நிரலை நிறுவனம் வேறு எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். 6-ஆம் பதிலில் பார்த்த அலைச்சலை முன்கூட்டியே தவிர்க்கும் ஏற்பாடு அது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் உள்ளிட்ட தன் மென்பொருள்களை எம்பிஎல் 2.0 என்ற திறமூல உரிமத்திலிருந்து, போட்டிச் சேவை நடத்துவதைத் தடுக்கும் பிஎஸ்எல்லுக்கு ஒரே அறிவிப்பில் மாற்றியது, கையில் சிஎல்ஏ இருந்தது.

எல்லா ஒப்பந்தமும் சூது அல்ல. ஜிபிஎல்லை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் சில குனூ திட்டங்களுக்குப் பதிப்புரிமையையே எழுதி வாங்குகிறது; அது நிரலை எப்போதும் கட்டற்றதாகவே வைத்திருப்பேன் என்று பதிலுக்கு எழுதித் தருகிறது. உங்கள் கையெழுத்துக்குப் பதிலாக எதிர்த்தரப்பு என்ன எழுதித் தருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால், ஒருநாள் உரிமம் மாறும் என்று வைத்துக்கொண்டே பங்களியுங்கள். லினக்ஸ் கர்னலில் சிஎல்ஏ கிடையாது. 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று ஒட்டின் அடியில் ஒரு வரிச் சான்று மட்டும். மாற்றவே முடியாது என்பதுதான் அங்கே பங்களிப்பாளருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு.

9. 'அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு' என்று ஜிபிஎல்லில் போடுகிறார்களே, அது எதற்கு?

நாளை ஜிபிஎல்லின் புதிய பதிப்பு வந்தால், பயனர் விரும்பினால் அதன்படியும் நடக்கலாம் என்று இன்றே அனுமதிப்பது. 2007 ஜூனில் மூன்றாம் ஜிபிஎல் வந்தபோது இந்த வரி இருந்த திட்டங்கள் யாரையும் கேட்காமல் மாறின. லினக்ஸ் கர்னலில் அந்த வரி இல்லை, அது இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது.

இந்த ஒரு வரியின் வலிமையை, தமிழ் விக்கிப்பீடியாவில் 2009-க்கு முன் எழுதிய ஒவ்வொருவரும் தெரியாமலேயே அனுபவித்திருக்கிறார்கள். விக்கிப்பீடியா முதலில் குனூ ஆவண உரிமத்தில் இருந்தது. பல பக்க உரிமத்தை ஒவ்வொரு அச்சுப் பிரதியோடும் சேர்க்கச் சொல்லும் உரிமம் அது. கையேட்டுப் புத்தகங்களுக்குச் சரி, கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு ஒத்துவராது. எல்லா மொழிகளிலும் எழுதிய அனைவரையும் தேடி அனுமதி கேட்பது நடக்கிற காரியமா? அந்த உரிமத்தில் 'பிந்தைய பதிப்பு' வாசகம் இருந்தது. 2008 நவம்பரில் அதன் 1.3 பதிப்பு வந்தது. இப்படிப்பட்ட கூட்டுத் தளங்கள் குறிப்பிட்ட தேதிக்குள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். வாக்கெடுப்பில் 17,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு, நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தார்கள். 2009 ஜூனில் தமிழ் உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களும் மாறின. சட்டப்படி சரி. ஆனாலும் உரிமம் எழுதும் அமைப்பை நம்பிக் கொடுத்த வெற்றுக் காசோலை அது என்பதை மறுக்க முடியாது. நல்லவர்கள் கையில் இருந்ததால் நல்லபடியாக முடிந்தது.

10. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நிறுவனங்கள் ஏன் திடீரென்று மாற்றுகின்றன?

பெரிய மேகக்கணினி நிறுவனங்களைப் பார்த்துத்தான். நாங்கள் உருவாக்கியதைச் சேவையாக விற்று அவர்கள் சம்பாதிக்கிறார்கள், எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை என்பது குறை. மோங்கோடிபி தரவுத்தள நிறுவனம் 2018 அக்டோபரில் ஏஜிபிஎல்லை (இணையச் சேவைக்கும் பொருந்தும் ஜிபிஎல் வகையை) விட்டு எஸ்எஸ்பிஎல் என்ற சொந்த உரிமத்துக்குப் போனது: சேவையாக விற்பவர், அந்தச் சேவையை நடத்தும் துணை மென்பொருள்கள் அனைத்தையும் திறக்க வேண்டும். திறமூல உரிமம் எது என்று ஒப்புதல் தரும் ஓஎஸ்ஐ அமைப்புக்கு அதை அனுப்பி, 2019 மார்ச்சில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தேடல் மென்பொருள் தரும் எலாஸ்டிக் நிறுவனம் 2021 ஜனவரியில் அப்பாச்சி உரிமத்தை விட்டது, அமேசான் அதன் 7.10.2 வெளியீட்டை எடுத்து ஓப்பன்சர்ச் என்ற ஃபோர்க்கைத் தொடங்கியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2024-இல் எலாஸ்டிக்கும், 2025 மே மாதம் ரெடிஸ் 8-உடன் ரெடிஸும், தங்கள் உரிமப் பட்டியலில் ஏஜிபிஎல்லைச் சேர்த்து மீண்டும் திறமூலத்துக்குள் வந்தன. கூடவே போன பங்களிப்பாளர்கள் அத்தனை பேரும் திரும்பி வரவில்லை.

11. பழைய திறந்த வெளியீட்டிலேயே இருந்துகொண்டு, புதியதிலிருந்து பிழைத்திருத்தத்தை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. மாற்றத்துக்குப் பின் எழுதப்பட்ட ஒட்டு புதிய உரிமத்தின் கீழ் வருகிறது. பிழை என்ன என்ற தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைத் திருத்திய நிரலுக்கு உண்டு. பிழையின் விவரத்தைப் படித்து, திருத்தத்தைப் பார்க்காமல், நீங்களே எழுதலாம். டெராஃபார்மிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபுவுக்கு 2024 ஏப்ரலில் ஹாஷிகார்ப் தரப்பிலிருந்து, எங்கள் புதிய உரிம நிரலை எடுத்துவிட்டீர்கள் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. நாங்கள் எடுத்தது எம்பிஎல் காலத்து நிரலிலிருந்துதான் என்று ஓப்பன்டோஃபு குழுவினர் வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டி மறுத்தார்கள். மாற்ற வரலாற்றை ஒழுங்காக வைத்திருந்ததால் காட்ட முடிந்தது.

'பழையதிலேயே இருக்கிறேன்' என்பது சட்டத்தில் பத்திரமான இடம்தான். பாதுகாப்புத் திருத்தம் யார் எழுதுவார்கள் என்பதற்குச் சட்டம் பொறுப்பல்ல. பிஎஸ்எல் என்றால் ஒரு சலுகை உண்டு: ஹாஷிகார்ப்பின் ஒவ்வொரு வெளியீடும் நான்கு ஆண்டு கழித்து எம்பிஎல்லுக்குத் திரும்பிவிடும்.

12. இரண்டாம் ஜிபிஎல்லிலும் எம்ஐடியிலும் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல்லே இல்லையே? இந்தியச் சட்டத்தில் ஐந்து வருடக் கணக்கு வேறு இருக்கிறதாமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் நிஜமாகவே படித்துவிட்டு வந்திருக்கிறார். அப்பாச்சி 2.0-இலும் மூன்றாம் ஜிபிஎல்லிலும் அந்தச் சொல் இருக்கிறது, நீங்கள் சொன்ன இரண்டிலும் இல்லை. காசு வாங்காமல் கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று வாதிடுவோர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்வாதம் பலமானது. இரண்டாம் ஜிபிஎல், நிபந்தனையை மீறினால் உரிமம் முடியும் என்று சொல்கிறது. மனம் மாறினால் முடியும் என்று எங்கும் சொல்லவில்லை. 2008-இல் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் கைமாறவில்லை என்பதால் பொருளாதாரப் பலனே இல்லை என்று கருதக்கூடாது என்றது. நம்பி இறங்கியவர்களை நட்டாற்றில் விடுவதை நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை.

இந்தியாவில் விநோதம் இங்கே வருகிறது. பதிப்புரிமைச் சட்டம் 19(5) பிரிவு: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். 19(6): இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 30ஏ பிரிவு இவற்றைத் தேவையான மாற்றங்களோடு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. எம்ஐடியில் காலமும் இல்லை, இடமும் இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால் ஐந்து ஆண்டில் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் வாதாட இடமிருக்கிறது. இதை வைத்து நாளைக்கே யாரும் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் புதிதாகத் தொடங்கும் நண்பர்களிடம் அப்பாச்சியைச் சொல்கிறேன். 'நிரந்தரமான, உலகளாவிய' என்று அதில் எழுதியே இருக்கிறது, விவாதத்துக்கு வேலை இல்லை.

13. எந்த உரிமமும் போடாமல் வெளியிட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாகத் தீர்மானித்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

தொல்லை கூடும். உரிமம் இல்லாத நிரல் என்றால் யாரும் தொடக்கூடாத நிரல் என்று பொருள். கண்ணில் படுகிறது என்பதால் எடுத்துக்கொள்ள அனுமதி வந்துவிடாது. அந்த நிலையில் ஒருவர் ஒட்டு அனுப்பினால் எந்த நிபந்தனையில் அனுப்பினார் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து உரிமம் போட உட்காரும்போது ஒவ்வொருவரையும் தேட வேண்டும், அந்தக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி உட்பட.

முதல் ஒட்டு வருவதற்குள் போட்டுவிடுங்கள். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மனம் மாறலாம், நிரல் உங்களுடையது மட்டும்தான்.